மாடி லைட் எரிந்தால் ஞாயிற்றுக்கிழமை

போன ரம்ஜானுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒரு செய்தி. 'நாளை பொது விடுமுறை. புறநகர் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும்.' நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து முடிப்பதற்குள் அதே செய்தியை இன்னும் நான்கு பேர் போட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் கை கூப்பும் படம் போட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

எனக்கு அந்தச் செய்தியால் காலணாப் பிரயோசனம் இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது, இப்போது வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும் கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். சிட்லபாக்கத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில்தான் இன்னமும் இருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் ஏரி தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு எரியும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. தாம்பரத்திலிருந்து பீச் வரை போகும் மின்சார ரயில், வேலை நாளில் ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வந்து நிற்கும். அரசு விடுமுறை வந்துவிட்டால், அது செவ்வாயோ வியாழனோ, ரயிலுக்கு அன்று ஞாயிறு. வண்டிகள் பாதியாகிவிடும். அரசு ஊழியர்களுக்குக் கவலையில்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாட்டிக்கொள்வது எங்களைப் போலத் தனியார் கம்பெனியில் குப்பை கொட்டியவர்கள்தான். காலண்டரில் தேதி சிவப்பாக இருக்கும், எங்கள் ஆபீஸ் திறந்திருக்கும், வண்டி மட்டும் இருக்காது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குகளுக்கான காகிதங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். பிடிக்கிறதா இல்லையா என்பது மேனேஜரின் சிவப்பு மைப் பேனாவில் இருந்தது. ஒன்பது மணியை ஒரு நிமிஷம் தாண்டினாலும் வருகைப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் ஆறாவது மாதத்தோடு கும்பிடு. அப்பா வேலை பார்த்த மில் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் முதலில் பேப்பரை நிறுத்தினோம். அப்புறம் ரேடியோ தானாகவே நின்றுபோனது, ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் என் டிபன் பாக்ஸைத் துடைத்து எடுத்து வைப்பதை அப்பா ஒரு உத்தியோகம் மாதிரி செய்தார். அந்த வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

முதல் கோடு மாட்டுப்பொங்கலன்று விழுந்தது. எனக்கு இந்த ஞாயிறு அட்டவணை விவகாரமே அப்போது தெரியாது. வழக்கமான ஏழு ஐம்பது வண்டிக்கு சானடோரியம் ஸ்டேஷனில் போய் நின்றால், பிளாட்பாரத்தில் நானும் பெருக்குகிறவரும்தான். என் டிபன் பாக்ஸைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"இன்னாம்மா, இன்னிக்கு சண்டே சர்வீஸு. ஏழு இருவத்தெட்டு பூட்ச்சு. இனிமே எட்டு அஞ்சுதான். அப்டி குந்து."

குந்தினேன். ஒன்பது பத்துக்குக் கோடு விழுந்தது.

இரண்டாவது கோட்டுக்கு ரயில்மேல் பழி போட முடியாது. பீச் ஸ்டேஷன் படிக்கட்டில் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நடக்க வெட்கப்பட்டு, தைக்கிறவரைத் தேடிக்கொண்டு போனேன். வெறுங்காலோடு ஓடியிருக்கலாம். இருபத்திரண்டு வயதில் அது பெரிய மானப் பிரச்சினை.

மிச்சம் ஒரு கோடு, இரண்டு மாதம். அப்போதுதான் ரம்ஜான் வந்தது.

மற்றப் பண்டிகைகள் காலண்டரில் அச்சடித்தபடி வரும். ரம்ஜான் அப்படியில்லை. பிறை தெரிந்தால் நாளைக்கு, தெரியாவிட்டால் நாளை மறுநாள். அதனால் எங்கள் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அந்த மாதக் கடைசியில் எல்லோரும் ஜமீலா டீச்சரை மொய்ப்பார்கள். டீச்சர் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் ஜன்னலோரம், மடியில் விடைத்தாள் கட்டு, கையில் திருத்துகிற பேனா. சிவப்பு மை என்றாலே எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும், ஆனால் டீச்சர் பேனா மட்டும் பயமாக இருக்காது. மல்லிப்பூவும் பவுடரும் யாரோ ஒருத்தியின் புளியோதரையும் கலந்த வாசனை அந்தப் பெட்டிக்கு உண்டு. நோன்பு மாதத்தில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கினால், "எனக்காக ஏன் ஆறவிடுறீங்க, சாப்பிடுங்க" என்று டீச்சரே அதட்டுவார்.

"டீச்சர், நாளைக்கு உண்டா?" காஸ் சிலிண்டர் வருமா என்று கேட்கிற தொனியில்தான் எல்லோரும் கேட்பார்கள்.

"நிலாவை நான் என்ன எங்க வீட்டுப் பரண்லயா வச்சிருக்கேன்? காஜி சொல்லணும்மா. முப்பது நாள் நோன்பு இருக்கறவ நானு, பரபரப்பெல்லாம் உங்களுக்கு!"

பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, டீச்சர் இறங்குவதற்கு முன் பக்கத்தில் போய் நின்று என் இரண்டு கோடுகளைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். மேனேஜரைத் திட்டவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, நேராக வழிக்கு வந்துவிட்டார்.

"உங்க வீட்டு மாடியிலிருந்து ஏரிக்கு அந்தாண்ட எங்க வீடு தெரியுமில்ல? பிறை தெரிஞ்சுதுன்னு சேதி வந்தா மாடி லைட்டைப் போட்டு வைக்கிறேன். லைட் எரிஞ்சா உனக்கு ஞாயித்துக்கிழமை, ஏழு இருபத்தெட்டைப் பிடி. எரியலைன்னா வழக்கம்போல வா."

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் நானும் மாடிக்குப் போனோம். மேற்கே மேகம், எங்கள் கண்ணுக்குப் பிறை கிடையாது. இருட்டியது. ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். லைட் இல்லை. அரைமணி நேரம் நின்றோம், கொசு பிடுங்கியது, இன்னும் இல்லை.

"அப்ப நாளைக்கு வழக்கம்போலதானேம்மா?"

"ஆமாம்பா."

நிம்மதியாக இறங்கி வந்து சாப்பிட்டுப் படுத்தோம். இங்கே நீங்கள் எங்களைத் தாராளமாகத் திட்டலாம். டீச்சர் வீட்டு பல்பு மட்டுமல்ல, அந்தக் கரையில் ஒரு வெளிச்சமும் இல்லை என்பதை அரைமணி நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் கரண்ட் இல்லை என்பது இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி டி.வி. செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தால் போதும். அந்தப் பல்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

காலையில் நான் சாவகாசமாக ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். ஏழு அடிக்க ஐந்து நிமிஷம். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஜமீலா டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னும் கிளம்பலையா நீ? இன்னிக்குத்தான் பெருநாள்! நேத்து எங்க பக்கம் கரண்ட் இல்லம்மா. வந்துடும்னு சுவிட்சைப் போட்டுட்டு நான்பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். இப்ப தொட்டித் தண்ணி பார்க்க மேல போனா பட்டப்பகல்ல பல்பு எரியுது. நீ பார்த்திருக்க மாட்டேன்னு அப்பதான் உறைச்சுது."

ஏரிக்கரையைச் சுற்றி ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்திருக்கிறார். இலைப்பச்சையில் புதுப் புடவை. அதன் கீழ்க் கரையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி. வீட்டில் குழந்தைகளைக் குளிப்பாட்டிப் புதுத்துணி போட்டுவிட வேண்டும், தொழுகைக்குப் போன கணவர் திரும்பி வருவார், விருந்தாளிகள் வருவார்கள். அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

அவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஐயையோ, மணி என்ன டீச்சர்? ஏழு இருபத்தெட்டைப் பிடிச்சிடலாமா?"

டீச்சர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "முப்பத்திமூணு நிமிஷம் இருக்கு. நடந்தா இருபது நிமிஷம். நின்னு பேசினா கிடைக்காது. ஓடு!"

அப்பா டிபன் பாக்ஸை என் கையில் திணித்தார். பாதி பின்னிய ஜடையோடு டீச்சரைத் தாண்டி ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி கிடைத்தது. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. விடுமுறை நாள் ரயில் வேறு ஜனங்களுடையது. ஜிகினா பாவாடை கட்டிய குழந்தைகள், கூடையில் கட்டுச்சோறு, குரோம்பேட்டையிலேயே எழுந்து நின்று "அக்கா, கிண்டி பார்க்குக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்கும் அம்மாக்கள். எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் போகிற மிதப்பில் நான் வழி சொல்லிக்கொண்டு வந்தேன். டீச்சருடைய ஜன்னல் சீட் காலியாக இருந்தது. எதிரே உட்கார்ந்து ஜடையைப் பின்னி முடித்தேன்.

சைதாப்பேட்டை வந்தது. டீச்சர் இறங்க வழிவிடுவதற்காகப் பழக்கதோஷத்தில் காலை மடக்கிக்கொண்டேன். எழுந்திருக்க அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதம் முழுக்க நோன்பு இருந்து, பெருநாள் காலையில் சேற்றில் நடந்து வந்த ஒருத்தரிடம் நான் மணி கேட்டிருக்கிறேன். ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. அப்பாவாவது ஒரு வாய் காபி கொடுத்திருப்பாரா என்று யோசித்தேன்.

எட்டு நாற்பதுக்கு ஆபீஸ் வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வூட்ல கடியாரம் ஓவரா ஓடுதா? இப்பவே வந்துகினே?"

மேனேஜர் ஒன்பது பத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவருக்கும் ஞாயிறு அட்டவணை தெரியவில்லை. அவருக்குக் கோடு போட ஆபீஸில் யாரும் இல்லை.

மூன்று நாள் கழித்துத்தான் டீச்சர் ரயிலுக்கு வந்தார். அப்பா காபி கொடுத்தாராம், நின்றபடியே குடித்துவிட்டுப் போனாராம். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். டீச்சர் விடைத்தாளிலிருந்து நிமிரவே இல்லை.

"கோடு விழலையே? அது போதும். வாழ்த்தை பக்ரீத்துக்கு வட்டியோட சொல்லு. அதுக்கும் பிறைதான், ஆனா பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சிடும். உன்னை மாதிரி ஆளுக்கு அதான் தோது."

பக்ரீத் மே மாதம் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு நிரந்தர உத்தரவு கிடைத்தது. அந்தக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான், என் பெயரிலேயே இரண்டு தப்பு. அப்பா அதைப் பல தடவை படித்தார். பக்ரீத்தன்று ஆபீஸ் முடிந்து வந்ததும் அந்தக் கடிதத்தையும் கொஞ்சம் பழங்களையும் எடுத்துக்கொண்டு, அதே ஒற்றையடிப் பாதையில் ஏரியைச் சுற்றிப் போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன், மானம் ஒன்றும் போகவில்லை. டீச்சர் வீடு பூட்டியிருந்தது. லீவுக்குக் கணவரின் ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஜூனில் பள்ளி திறந்தால் வரத்தானே போகிறார் என்று திரும்பிவிட்டேன்.

ஜூனில் ஜன்னலோரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல், டீச்சரும் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை, போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. கொஞ்ச நாள் எல்லோரும் டீச்சரைப் பற்றிப் பேசினோம். அப்புறம் என் வாழ்க்கையும் அதன்பாட்டுக்கு ஓடியது. கல்யாணம், குழந்தை, அப்பாவின் கடைசிக் காலம். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அந்தச் சின்ன ரயில் போய் அகலப் பாதை ரயில் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஏரியைச் சுற்றி இப்போது கம்பி வேலி, நடைபாதை, விளக்குக் கம்பங்கள். அந்தக் கரை முழுக்க அடுக்குமாடிகள். இப்போது யாராவது எனக்காக ஒரு பல்பைப் போட்டு வைத்தாலும் அத்தனை வெளிச்சத்தில் எனக்குத் தெரியாது. விடுமுறை நாளில் டிபன் பாக்ஸோடு யாரும் வெறும் பிளாட்பாரத்தில் போய் நிற்பதில்லை. எல்லோருக்கும் எல்லாம் போனில் வந்துவிடுகிறது. நல்லதுதான், எந்தப் பெண்ணுக்கும் இதனால் கோடு விழாது. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "டீச்சர், நாளைக்கு உண்டா?" என்று கேட்கவும் யாரும் இல்லை.

அன்று மாடியில் நெடுநேரம் நின்றேன். மேற்கே கட்டிடங்களுக்கு மேலே நகத்துண்டு அளவுக்குப் பிறை தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத தைரியத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

பெருநாள் வாழ்த்து, டீச்சர். வேலை நிரந்தரமாகிவிட்டது. உள்ளே வாங்க, உட்காருங்க. எனக்கு இன்று பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை.