நூற்றெழுபதுக்கு நூற்றெழுபது

ஈப்போ பழைய நகரத்தில் பேனர் அச்சடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் கதவு திறந்தால் மையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிற வாடை தெருவுக்கு வரும். நேற்று வந்தது. காப்பி குடிக்கப் போனவன் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அந்த வாடைக்கு என் மகளின் முகம் உண்டு. ஆறடிக்கு நாலடி.

மகள் உள்ளூரில் கணிதப் பட்டம் முடித்தவள். சந்தையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்பாடுகளுக்குள் பிடிக்கப் பார்க்கிற ஒரு மேற்படிப்பு இருக்கிறது, நிதிக் கணிதம். அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அவள் விண்ணப்பிக்க நினைத்தாள். அதற்கு உலகம் முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. எட்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசை அவளுடைய தாள்களுக்குப் போய்விட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கோலாலம்பூரில் போய் எழுதினாள். கணிதத்தில் நூற்றெழுபதுக்கு நூற்றெழுபது. மதிப்பெண் திரையில் வந்த கையோடு வெளியே வந்து அழைத்தாள்.

"அப்பா, ஃபுல் மார்க். ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க. இது வெறும் மார்க்குதான். அட்மிஷன் லெட்டர் வரட்டும்."

"சொல்ல மாட்டேம்மா," என்றேன். நான்கு நாள் தாங்கினேன்.

வெறும் மார்க்கு என்று ஒன்று எங்களிடம் கிடையாது. பீடோர் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் இடிந்து, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறிய பிறகும் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுக்கொரு திருவிழா. அன்று கோயில் வேலி முழுக்கப் பிள்ளைகளின் பேனர்கள்: பள்ளித் தேர்வில் இவனுக்கு எட்டு ஏ, இவளுக்கு ஒன்பது ஏ. கும்பிட வருகிற கூட்டம் முதலில் வேலியைத்தான் வாசிக்கும். எங்கள் அப்பன்மார் பெயரைத் தோட்டத்தில் யாரும் பெரிதாக எழுதி வைத்ததில்லை; விடியற்காலைப் பெரட்டு வரிசையில் ஆள் கணக்குக்குக் கூப்பிட்டதோடு சரி.

எனக்கும் அந்தக் காலத்தில் மதிப்பெண் இருந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. என்னைவிடக் குறைந்தவன் இன ஒதுக்கீட்டில் உள்ளே போனான், நான் டயர் கடைக்கு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகும் மதிப்பெண்ணை நம்புவதை நான் விடவில்லை. இங்கேதான் அது செல்லாது, வெளியே செல்லும் என்று நம்பினேன்.

கோயில் தலைவர் என்னோடு லயத்தில் வளர்ந்தவர், லோரி ஓட்டுகிறார். அவரை அழைத்தேன்.

"எத்தனை ஏ மச்சான்?"

"ஏ எல்லாம் இல்லலா, இது நம்பர். நூத்தியெழுவதுக்கு நூத்தியெழுவது."

"அடேயப்பா, ஒண்ணுகூட விடலையா! அப்புறம் என்னலா, அமெரிக்காக்காரன் வாசல்ல வந்து கூட்டிட்டுப் போவான்!"

"அப்படித்தான் வச்சுக்கயேன்," என்றேன்.

அவர் அப்படியே வைத்துக்கொண்டார். மகள் மூன்று இடத்துக்கும் விண்ணப்பித்துச் சில மாதம் கழித்துத் திருவிழா வந்தது. அன்று வேலியில் என் மகள். பட்டமளிப்பு அங்கி, பின்னால் எந்த ஊரோ தெரியாத ஒரு தூண் வைத்த கட்டடம், கீழே கொட்டை எழுத்தில்: 'அமெரிக்காவில் உயர்கல்வி பயிலச் செல்லும் நம் தோட்டத்துச் செல்வி.' அதற்கும் கீழே மதிப்பெண். முதல் பல்கலைக்கழகம் முந்தின வாரமே அவளை மறுத்திருந்தது. இரண்டாவது மறுப்பு அன்று காலை வந்திருக்கிறது. இரண்டையுமே எனக்கு அவள் அதுவரை சொல்லவில்லை. பேனரை முழுதாக ஒருமுறை வாசித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அன்னதானப் பந்தியில் எங்கள் பழைய பக்கத்து வீட்டு அக்கா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"எப்ப பாப்பா பிளைட்டு? அங்க குளிராமே, ஸ்வெட்டர் வாங்கிட்டியா?"

"இனிமேதான் அத்தை," என்று என் மகள் சிரித்தாள். அவ்வளவு நன்றாகச் சிரிக்க அவள் எங்கே கற்றாள் என்று தெரியவில்லை.

திரும்பும்போது, தாப்பா தாண்டியதும், காரில் சொன்னாள்.

"ரெண்டு யுனிவர்சிட்டியிலயும் இல்லைன்னுட்டாங்கப்பா."

"ஃபுல் மார்க்குக்கா இல்லைங்கிறான்?"

"அப்ளை பண்றவங்க எக்கச்சக்கப் பேர்கிட்ட அதே மார்க்கு இருக்கு. கொறஞ்சா தூக்கிப் போடுவாங்க. இருந்தா அடுத்த தாளப் பாப்பாங்க, அவ்வளவுதான். பேங்க்ல வேலை பாத்தியா, என்ன புரோகிராம் எழுதின, எந்தப் புரோபசர் சிபாரிசு லெட்டர் குடுத்தாரு. எனக்கு லெட்டர் குடுத்தவருக்கு என் மூஞ்சியே ஞாபகம் இல்லப்பா."

ஒரு நாட்டில் மதிப்பெண் இருந்தும் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு நாட்டில் அது எல்லாரிடமும் இருக்கிறது என்று சாத்துகிறார்கள். சாலையின் இருபுறமும் செம்பனை, ஒரே உயரம், ஒரே இடைவெளி, முடிகிறபாடில்லை.

"பேனரக் கழட்டச் சொல்லவா?"

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. தொங்கட்டும்."

மூன்றாவதும் மறுத்தது. நான்கே வரி: தகுதியானவர்கள் மிகப் பலராம். பேனர் மழைக்காலம் முழுக்கத் தொங்கியது. சந்தையில், சாப்பாட்டுக் கடையில், ஒரு சாவு வீட்டில்கூடக் கேட்டார்கள், மக எப்பப் போறா என்று. விசா வரணும் என்றேன். பிறகு, அடுத்த படிப்புத் தவணை என்றேன். பொய் நாக்கில் எண்ணெய் மாதிரி ஓடியது. அவள் வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். தோல்வியை அவள் எப்படியும் சுமந்திருப்பாள். அதை ஒளிக்கிற வேலையையும் நான்தான் அவள் தலையில் ஏற்றினேன்.

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஈப்போ ரயில் நிலையத்தில் வண்டி வரப் பத்து நிமிடம் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மார்க்கு அஞ்சு வருஷம் செல்லும்னியே. கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு மறுபடி அப்ளிகேஷன் போடேம்மா."

"போடுவேன்."

என் முகத்தில் என்ன மலர்ந்ததோ, அவள் அதைப் பார்த்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். வண்டி வந்து நின்றது.

"ஆனா எப்பப் போடுறேன், எங்க போடுறேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்பா. கோவிச்சுக்காதீங்க. வாரேன்."