சாக்பீஸில் எழுதிய தேதி

செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபதுக்கு மாமா போன் செய்தார். சங்க அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார் என்றார்.

அப்பா முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டர். நடுக்கடலில் குழாய் கசிந்தால் ரப்பரைச் சுற்றி, கிளிப் போட்டு முறுக்குவார். எந்தத் தேதிக்குள் புதுக் குழாய் மாற்ற வேண்டும் என்று பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் சமையலறைத் தொட்டியின் அடியில் குனிந்தால் ஒரு தேதி தெரியும். அம்மா அதை ‘உங்கப்பா காலண்டர்’ என்பாள்.

ஒருமுறை, முதலாளி கைவிட்டுவிட்ட கப்பலில், முன்பின் தெரியாத துறைமுகத்தில் பதினொரு மாதம் கிடந்தார். மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்களாம். அவர்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு யாருக்கும் இல்லை. அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்குச் சாப்பாடும் ஊர் திரும்ப டிக்கெட்டும் தரவேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் எழுதியபோது, எங்கள் ஊர் மாலுமிகள் சங்கம் அதை ஆதரிக்க வேண்டும் என்று செயலாளரான அப்பா வீடு வீடாக அலைந்தார். ஆனால் சின்னக் கப்பல்களுக்கு அதில் இடமில்லை. அம்மாவின் தம்பியான மாமா வேலை பார்ப்பது சின்னக் கப்பலில்.

போன ஞாயிறு எங்கள் கூடத்தில் இருவருக்கும் வாக்குவாதம். இப்போது தலையாட்டிவிட்டால் விடுபட்டவர்களை அப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது மாமாவின் கட்சி. ஒன்றுமே இல்லாமல் பதினொரு மாதம் இருந்து பார், அரைகுறையின் அருமை தெரியும் என்றார் அப்பா.

“நீங்க ஏறிட்டீங்க அத்தான். ஏணியையும் மேல இழுத்துக்கிறீங்க.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரிதான் மாப்ளே. கிளிப்பப் போட்டேன். தேதி எழுத மறந்துட்டேன்.”

“இந்த மனுஷன் மறந்துட்டேன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்,” என்றாள் அம்மா. மாமாவே சிரித்துவிட்டார்.

செவ்வாயன்று இருவரும் சேர்ந்துதான் சங்கத்தின் முடிவை எழுத உட்கார்ந்தார்கள். சின்னக் கப்பல்களைச் சேர்க்க எத்தனை வருடம் பொறுக்கலாம் என்று அந்தக் கப்பல்காரர்களைக் கேட்டுவரச் சொல்லி, அப்பா மாமாவைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். இரண்டு வருடம் என்ற பதிலோடு மாமா திரும்பியபோது அப்பா இல்லை.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. “ஒப்பந்தத்தை ஏற்கிறோம். சிறிய கப்பல்களையும் இதில் சேர்க்க வேண்டிய கடைசித் தேதி” என்று எழுதி, ஒரு விரல்கடை இடம் விட்டிருக்கிறார். அதில் எதுவும் எழுதப்படவில்லை.