கிள்ளானில் பிரித்துப் பார்த்த இரண்டு சிவப்புப் பூக்கள்

"டீச்சர், சாமி பூ எப்படி விஷமாவும்?" போன மாதம் கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில், மருத்துவமனை நடைபாதையில் சரசு கேட்டாள். என் பழைய மாணவி. கணவர் ராஜு பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுபவர். கிள்ளானுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அர்ச்சனைத் தட்டில் திரும்பி வரும் பூவை நம்மில் பலர் குப்பையில் போடமாட்டோம். சரசு காயவைத்து பாட்டிலில் சேர்த்து வைத்தாள். செம்பருத்தி டீ பிரஷருக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அதில் கொஞ்சம் கொதிக்கவைத்து ராஜுவுக்குக் கொடுத்திருக்கிறாள். அன்று மாலையே வாந்தி. இதயத் துடிப்பு இறங்கிவிட்டது. என்ன பூ என்று டாக்டர் கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை எனக்குப் படம் அனுப்பினாள். எல்லாம் கருத்துச் சுருண்ட சருகு. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பத்து நிமிட நடை. 7.40க்குக் கொம்யூட்டர் ரயில், 8.50க்குக் கிள்ளான். அங்கிருந்து மருத்துவமனைக்கு நான்கு கிலோமீட்டர். கிராப் டாக்சிக்கு ஒன்பது ரிங்கிட்.

"யாருக்கு முடியல ஆன்டி?" என்றார் டிரைவர்.

"பூ டீ குடிச்சவருக்கு."

"பூவா? என் பொண்டாட்டி சமையல சாப்பிட்டே நான் உயிரோட இருக்கேன் லா. அவருக்கு ஒன்னும் ஆவாது."

எனக்கும் சிரிப்பு வந்தது.

நடைபாதை பெஞ்சில் இரண்டு கப் தண்ணீர் வைத்து, சரசு கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்து சில பூக்களை ஊறவைத்தேன். கால் மணி நேரத்தில் விரிந்தன. ஒன்றில் ஐந்து இதழ்களும் தனித்தனியே வந்தன; நடுவில் மகரந்தம் ஒட்டிய நீளமான தண்டு. அது செம்பருத்தி, வெண்டைக்காயின் குடும்பம். இன்னொன்றை இழுத்தால் இதழ் பிரியவில்லை. அடியில் எல்லாம் சேர்ந்து குறுகிய புனல்போல முழுதாகக் கழன்று வந்தது. அது செவ்வரளி, நித்தியகல்யாணியின் குடும்பம். அதன் விஷம் இதயத்தைத் தாக்கும். காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. பாட்டிலில் பாதிக்கு மேல் அரளி.

டாக்டரிடம் காட்டினேன். அவர் ஏற்கெனவே அரளி விஷமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, இரவே சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்.

"கசக்குதுன்னாரு டீச்சர்," என்றாள் சரசு. "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், மூஞ்சக் கோணாம குடிங்கன்னு நான்தான் வெரட்டினேன்."

மதியம் 2.20க்கு ராஜு போய்விட்டார்.

முப்பது வருடம் இந்த இரண்டு பூக்களையும் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினேன். சரசுவும் அந்த வகுப்பில் இருந்தவள்தான். படத்தைப் பார்த்து அழகாக வரைவாள். அவள் கையில் பூவைக் கொடுத்து நான் பிரிக்கச் சொன்னதில்லை.

கோயிலுக்குப் போனால் திருநீறு, குங்குமம் வாங்கிக்கொள்ளுங்கள். பூவை அங்கேயே வைத்துவிடுங்கள். அதற்கு முன், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு செம்பருத்தியையும் ஓர் அரளியையும் ஒவ்வோர் இதழாக இழுத்துப் பாருங்கள்; பிறகு சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள்.