ஒரு தயிர்ச் சட்டியும் ஒரு ‘வாறனும்’

உலக யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்குக் கலியாணமாகி இரண்டே மாதம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக நல்ல ரயில் இருக்க, இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பலில் கரையழகு பார்த்தபடி போகலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். அந்த அழகையெல்லாம் என் மனைவி வாளிக்குள் தலையை விட்டபடியே அனுபவித்தாள்.

ஒரு காலை மட்டக்களப்புக்கு வெளியே கப்பல் நங்கூரமிட்டது. பின்னேரம் நாலு மணிக்குப் புறப்படுமாம். கரைக்குப் போகும் வள்ளத்தில் இறங்க அவளுக்குப் பயம்.

"இஞ்சத்தை எருமைத் தயிர் கொஞ்சம் கிடைச்சால் வயிறு ஆறும்" என்றாள்.

"வாறன்" என்று சொல்லிவிட்டு வீரனைப்போல ஏணியில் இறங்கினேன்.

வள்ளம் இறக்கிவிட்ட புளியந்தீவு நகரக் கடைகளிலேயே தயிர் சட்டி சட்டியாக இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கோ கறந்த இடத்துத் தயிர்தான் வேண்டும்! ஒரு தோணிக்காரரைப் பிடித்து வாவியைக் கடந்து அக்கரைக்குப் போனேன். இறங்கும்போது, அவரைக் காத்திருக்கச் சொல்லும் நினைப்பில், "அப்ப நான் வாறன்" என்றேன்.

"ஓம் ஐயா, போயிட்டு வாங்க" என்றார்.

எவ்வளவு தங்கமான மனிதர் என்று மெச்சிக்கொண்டே வயல் வரம்புகளில் வழுக்கி விழுந்தெழும்பி, மாட்டுப்பட்டியைத் தேடிப் பிடித்து, தயிர்ச் சட்டியும் கையுமாகத் திரும்பினேன். மணி இரண்டு. துறையில் தோணி இல்லை. அது வாவியின் நடுவில் புளியந்தீவை நோக்கிச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் வாறன்! நான் வாறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தோணிக்காரர் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினார். இன்னும் உரக்கக் கத்தினேன். இன்னும் பாசமாக ஆட்டினார். எனக்குச் சட்டியைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது, எட்டாது.

பின்னால் ஒரு சிரிப்பு. காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன்கள் விற்காமல் மிஞ்சிய மூட்டையைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, எத்தின தரம் பயணம் சொல்லி விடைபெறுவீங்க? அந்த மனிசனுக்குக் கை நோகப்போகுது."

"காக்கா, நான் அவரை நிக்கச் சொல்லியெல்லோ கத்துறன்!" என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் முறையிட்டேன்.

"அப்ப 'நில்லு' எண்டு சொல்லணும். 'வாறன்' எண்டா ஆர் நிப்பான்?"

என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆனால் நாலு தரம் துடுப்புப் போட்டால் ஒரு தரம் நிறுத்தி, என் சேற்றுக் காற்சட்டையை அனுதாபத்தோடு பார்த்தார். துறை வருவதற்குள் ஒரு சாரனை என் தலையில் கட்டிவிட்டார்.

புளியந்தீவில் கப்பலுக்குத் திரும்பும் வள்ளம் புறப்பட்டுப் போயிருந்தது. என் தோணிக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, பயணம் சொல்லிட்டுப் போனீங்க, அதுக்குள்ள வந்திட்டீங்க?"

அதற்கு நான் சொன்னதை இங்கே அச்சிட மாட்டார்கள். கடைசியில், "என்ர மனிசி கப்பலில தனிய நிக்கிறா!" என்று கத்தினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"அத முதல்ல சொல்லுறதில்லையா! ஏறுங்க!"

வியாபாரியும் மூட்டையைக் கரையில் போட்டுவிட்டுக் குதித்தேறி மற்றத் துடுப்பைப் பிடித்தார். முகத்துவாரத்து அலையில் பாதித் தயிர் என் சட்டைக்குப் போனது. கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. ஏணி மட்டும் இன்னும் தொங்கியது.

சேறும் தயிருமாக ஏறினேன். என் மனைவி ஏணியின் உச்சியில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஏணியைத் தூக்க வந்த மாலுமிகளை மூன்று தரம் மறித்தாளாம். தமிழ் தெரியாத அவர்களுக்குத் தமிழிலேயே சொன்னாளாம்:

"அவர் வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

தோணிக்காரரைத் திட்டியது எனக்கு அப்போதுதான் வெட்கமாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழே இருவரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் வீட்டை விட்டுப் புறப்படும்போது, "அஞ்சு மணிக்கு வாறன்" என்று நேரமும் சேர்த்தே சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள், ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி எனக்காக ஓர் ஏணி தொங்கியதை நான் மறப்பதில்லை.