எழுந்து நின்ற நோயாளி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலை. சிங்காநல்லூர் பக்கம் எங்கள் தெருக் கோடியில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பிளஸ் டூவில் நர்சிங் குரூப் உண்டு. கட்டுப் போடுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் பள்ளியிலேயே பழகுகிறார்கள். அன்று அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு.

வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் யூனிபார்மோடு மூச்சிரைக்க வந்தாள்.

"அம்மாயி, ஒரு ஒத்தாசைங்க. நோயாளியா வாரேன்னு சொன்ன எங்க அத்தை சோமனூருக்கு ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிட்டாங்க. நீங்க வந்து அரை மணி நேரம் படுத்துக்கோணுங்க."

"நானா? அத்தனை பேரு முன்னாலயா கண்ணு?"

"இந்த மார்க்கு வந்தாத்தானுங்க எனக்கு நர்சிங் காலேஜு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பரீட்சை என்றாலே பயம். மற்றவர் முன்னால் காலை நீட்ட அதைவிடக் கூச்சம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. நல்ல புடவை மாற்றிக்கொண்டு போனேன்.

வகுப்பறையில் ஒரு இரும்புக் கட்டில். எனக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். என்னை எழுப்பாமலேயே அடியில் இருக்கும் அழுக்கு விரிப்பை எடுத்துவிட்டு அவள் புதுசு போட வேண்டும். அதுதான் பரீட்சை. படுத்ததும் வெடித்துப்போன என் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் ஒரு போர்வையை எடுத்துக் கால்வரை மூடிவிட்டாள்.

அப்போது வேறு ஊரிலிருந்து தேர்வு நடத்த வந்த அம்மா உள்ளே நுழைந்தார். அவ்வளவுதான். போர்வையைத் தள்ளிவிட்டுக் கட்டிலைவிட்டு இறங்கி நின்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். யார் வந்தாலும் எழுந்து நின்றே பழகிய உடம்பு.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. அவள் காலேஜுக்கு நானே குறுக்கே நின்றுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் சட்டென்று வந்து என் தோளைத் தாங்கிப் பிடித்தாள். "அம்மாயி, நேத்துத்தானுங்க ஆப்பரேசன் ஆச்சு. காலை ஊனக் கூடாதுங்க. வந்தவங்களைப் படுத்துக்கிட்டே வாங்கன்னு சொன்னாத் தப்பில்லீங்க" என்றாள். மெதுவாக உட்காரவைத்து, காலைத் தூக்கிப் படுக்கவைத்து, மறுபடி போர்த்திவிட்டாள்.

பிறகு என்னை ஒருக்களிக்க வைத்து விரிப்பைச் சுருட்டினாள். ஒருத்தி வேலை செய்யும்போது சும்மா கிடக்க முடியுமா? என் கை தானாகப் போய் விரிப்பின் முனையைப் பிடித்தது. அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மாயி, ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதானுங்க இப்ப உங்க வேலை."

கையை மடக்கிக்கொண்டேன். இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள். முதுகுக்கடியில் புது விரிப்பு சில்லென்று வந்தது. எத்தனையோ பேருக்குப் பாய் விரித்திருக்கிறேன். எனக்கென்று ஒருத்தர் விரித்துக் கொடுத்து நினைவில்லை. கண் கலங்கியது வெளியே தெரியாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் தேர்வுக்கு வந்த அம்மா கட்டிலருகே வந்து சிரித்தார். "சொன்ன பேச்சு கேக்கற நோயாளின்னா யாரு வேணாலும் பாசாயிருவாங்க. இந்தப் புள்ள உங்களை வெச்சுப் பாசாயிருக்குதுங்க."

அவளுக்குக் காலேஜும் கிடைத்தது; வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். மருமகள் விரிப்பு மாற்ற வந்தாள். எழப் போன நான், அந்தப் பெண் சொன்னது நினைப்பு வந்து, பேசாமல் ஒருக்களித்துப் படுத்தேன். மருமகள் பதறி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறர் செய்வதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண், இப்போது எங்கே யாருடைய பாதங்களைப் போர்த்திக்கொண்டிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.