கண்டனியோ, கேட்டனியோ?

பூச்சி உருண்டை மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஓர் அலுமாரி நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் இருந்த ஓரறை வீட்டு அலுமாரியைத் திறந்தால் அப்பாவின் கறுப்புக் கோட்டிலிருந்து அந்த மணம் வரும். யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராகத் தொடங்கி, நீதவானாகப் பல ஊர் மாறி, மேல்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர், ஒரு தீர்ப்புக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் எங்களையும் கூட்டிக்கொண்டு வந்து, இங்கே கார் தரிப்பிடமொன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிக்கற் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மட்டும் அவர் நீதிபதிதான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாரோ ஏதோ கதைத்ததாக அழுதுகொண்டு வந்தால், "கண்டனியோ, கேட்டனியோ?" என்பார். நானே கண்டதில்லாமல் யாரோ சொல்லிக் கேட்டது என்றால் என் வழக்கு அந்த இடத்திலேயே "தள்ளுபடி".

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் அகதிக் "கேஸ்" விசாரணைக்கு வந்தது. ஊரில் நீதிமன்றச் சேவகர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து "ஐயாவைத் தேடுகினம்" என்று அம்மாவிடம் சொன்னதுதான் எங்கள் கேஸின் உயிர். அதை மறக்காமல் சொல்லச் சொல்லி எங்கள் வழக்கறிஞர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று எப்படித் தெரியும் என்று விசாரணை அதிகாரி கேட்டபோது, கோட்டுடன் நிமிர்ந்திருந்த அப்பா, தனக்கு நேரடியாக எதுவும் தெரியாது, மனைவிக்கு இன்னொருவர் சொன்னது மட்டுமே, தன் நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகத் தானே ஏற்றிருக்கமாட்டேன் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்பது விளங்குமளவுக்கு எனக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்தது.

பிறகு அம்மாவைக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு அம்மா சொன்னா.

"சேவகர் சொன்னதை விடுங்கோ. அடுத்த நாள் ஒருத்தன் எங்கடை வீட்டுப் படலையடிக்கே வந்தவன். பிள்ளை பள்ளிக்கூடத்தாலை எத்தினை மணிக்கு வாறவள் எண்டு என்னட்டைக் கேட்டவன். அவன்ரை முகத்தை நான் கண்டனான்."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அது அவருக்கும் புதுச் செய்தி.

வீடு திரும்பும்போது, வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில், "ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"சொன்னா நீங்கள் பிள்ளையைப் பார்க்கிற நேரமெல்லாம் அதைத்தானே நினைப்பியள்," என்றா அம்மா.

எங்களை ஏற்றுக்கொண்ட கடிதம் கோடையில் வந்தது. அதற்குள்ளேயே அப்பா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, நான் படிப்பு முடிக்கும்வரை தினமும் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கூட்டாளிகளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏன் வாறியள் என்றால், "சும்மா" என்பார். "கண்டனியோ, கேட்டனியோ" என்று அதன் பிறகு அவர் கேட்டதேயில்லை.

அப்பா இப்போது இல்லை. கண்ணாடிக் கூண்டு நின்ற இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. கோட்டை யாருக்குக் கொடுத்தோம் என்றுகூட நினைவில்லை. நேற்றும் என் மகள் பள்ளிக்கூட வாசலில் காருக்குள் ஏறும்போது, "அம்மா, நான் கிறேட் லெவன். பஸ்ஸில வருவன்தானே, ஏன் ஒவ்வொரு நாளும் வாறீங்கள்?" என்று சினந்தாள்.

சும்மா என்றேன்.