என் அரிசிப் பையில் இல்லாத மாரியப்பன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன அறுப்பின் பண்டிகையில் இதே இடத்தில் நின்று சாட்சி சொன்னேன். வேலை போன எனக்கு ஆண்டவர் ஒரு அரிசி வியாபாரத்தைக் கொடுத்தார் என்றேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொல்லி ஆளுக்கு ஒரு பை வாங்கினீர்கள். அந்தச் சாட்சியில் பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று காலை இங்கே நியூ ஜெர்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது செல்வி. குடவாசல் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு உள்ள நாலு ஏக்கரைக் குத்தகைக்கு உழும் மாரியப்பனின் மனைவி. என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலில் புரியவில்லை. அரிசிப் பையில்தான் நானே அச்சடித்திருந்தேனே.

"ஏம்மா, ஒங்க அரிசிப் பையக் காட்டித்தான் எங்க வயல எடுக்கப் பாக்குறாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?" என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். என் பெயர் எஸ்தர். பதினேழு வருஷம் இந்த நாட்டில் உணவுப் பொருள் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் அந்த வேலை போனது. அதன்பிறகுதான் எங்கள் வயல் அரிசியைப் பையில் போட்டு விற்க ஆரம்பித்தேன். இங்கே அரிசி தானாக விற்காது, கதைதான் விற்கும். முட்டை அட்டையில்கூட ஒரு விவசாயக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நானும் எழுதினேன்: "என் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தன் கையாலேயே பயிரிடும் காவிரி நெல்."

எங்கள் தொழிலில் யாரும் பொய் சொல்வதில்லை. சிலவற்றைச் சொல்லாமல் விடுவோம், அவ்வளவுதான். அப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

உண்மை என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்த வயலில் கால் வைத்து நாற்று நட்டதில்லை. அப்பா லுத்தரன் பள்ளி வாத்தியார். கீழத்தஞ்சை முழுக்கக் கூலிச் சண்டையும் செங்கொடியுமாக இருந்த காலம் அது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து ஒரு மிராசுதார் நிலத்தை விற்றுத் தள்ளினார். அப்பா அதில் நாலு ஏக்கர் வாங்கினார். அப்போதே அதை உழுதுகொண்டிருந்தவர் மாரியப்பனின் அப்பா. குத்தகைதாரர் பெயரைப் பதியலாம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்தது. அப்பாவே அவரை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வைத்தார். "வாத்தியாருக்குப் பைத்தியம்" என்று ஊரே சிரித்ததாம்.

இப்போது இரண்டு அப்பாக்களும் இல்லை. மாரியப்பன் பதிவைத் தன் பெயருக்கு மாற்றித்தரக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். என் அண்ணன் சாமுவேல் அதை எதிர்த்திருக்கிறார். குத்தகைக்காரர் செத்தபிறகு நாங்களே சொந்த சாகுபடி செய்கிறோம் என்று எழுதிக்கொடுத்து, அதற்கு ஆதாரமாக என் அரிசிப் பையை வைத்திருக்கிறார்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இது என்ன வேல?"

"அதுல இருக்கறது நீ எழுதுனதுதானே? நான் ஒரு எழுத்து சேத்தனா?"

"அது வியாபாரத்துக்கு எழுதுனதுண்ணே."

"அப்ப பொய்யா? பொய் சொல்லித்தான் அமெரிக்காக்காரன்கிட்ட அரிசி விக்கிறியா?"

பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டு, "பைபாஸ் ரோடு வரப்போவுது எஸ்தர். மனையாப் போட்டா பாதி ஒனக்குத்தான். கம்முனு இரு" என்றார்.

கம்மென்று இருக்க எனக்கும் காரணம் இருந்தது. ஊரூராகக் கிளை வைத்த ஒரு பெரிய கடைக் கம்பெனி எங்கள் அரிசியை எடுக்கத் தயாராக இருந்தது. "குடும்பமே உழும் பண்ணை" என்ற வார்த்தைக்காகவே வந்தார்கள். நான் உண்மையைச் சொன்னால் அது போகும். மறுபடி வேலை தேடி அலையும் வயதும் இல்லை.

மத்தியானங்களில் அரிசி வைத்திருக்கும் கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து ஜெபித்தேன். மார்க்கெட்டிங்காரி ஜெபம் எப்படி இருக்கும்? ஆண்டவருக்கே மூன்று ஆப்ஷன் கொடுத்தேன். அண்ணன் மனம் மாறட்டும். இல்லையென்றால் அதிகாரி அந்தப் பையை ஏற்காமல் தள்ளட்டும். அதுவும் இல்லையென்றால் மாரியப்பன் தாமாகவே விட்டுக்கொடுக்கட்டும். மூன்றிலும் நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி ஆப்ஷனை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஒரு மனிதன் பிழைப்பை விட்டு எழுந்து போக வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்திருக்கிறேன்.

பதிலே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கேன்" என்று சிரித்தேன். இந்த நாட்டில் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

லெந்து தவக்காலத்தின் நாலாம் வாரத்தில் ஒரு மத்தியானம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனது. "நான் என்ன செய்யட்டும் ஆண்டவரே?" என்று மட்டும் கேட்டேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னால் இந்தச் சாட்சியையும் விளம்பரமாக்கிவிடுவேன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்த பொய்ச்சாட்சிக் கட்டளைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் லுத்தரன் கணக்கில் அது எட்டாவது. நான் அதை ஒருமுறைகூடத் தப்பில்லாமல் ஒப்பித்ததில்லை. அன்று ஒரு சொல் பிசகாமல் வந்தது. அழுதுகொண்டே ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

திருச்சியில் இறங்கி, கும்பகோணம் வழியாகப் பஸ் பிடித்து, நேராக வயலுக்குப் போனேன். சம்பா அறுத்த தாளில் உளுந்து காய்த்துக் கிடந்தது. மாரியப்பன் வரப்பில் நின்றிருந்தார். அண்ணனைவிட மூத்தவர். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மன்னிப்புக் கேட்டேன்.

"பையில இருக்குற படத்துல நான் இல்லைன்னு அப்பவே பாத்தேன் பாப்பா" என்றார். "வெளிநாட்டுல விக்கிற சாமானுக்கு நம்ம மூஞ்சி எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்தப் பையில் உள்ள படத்தில் அண்ணன் சலவை வேட்டியில் அரிவாளோடு நிற்பார். அவர் அரிவாள் பிடித்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் கதிரே சிரிக்கும். பக்கத்தில் நின்று பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மாரியப்பன். அவரைப் படத்திலிருந்து வெட்டியது நான். இந்தக் கையால்தான் வெட்டினேன்.

மாரியப்பன்தான் உழுகிறார் என்பதற்கு இப்போது ஆதாரம் ஒன்றும் இல்லை. குத்தகை நெல்லை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும் பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அவரிடம் இருந்த உர ரசீதுகளும் கூரையைத் தூக்கிய புயலில் போய்விட்டன. மாரியப்பனின் வக்கீல் என்னிடம், "நீங்க எழுதுனது ஒண்ணு, இப்பச் சொல்றது ஒண்ணு. அதிகாரி எதைம்மா நம்புவாரு?" என்றார். முழுப் படம் இருந்த மடிக்கணினி எப்போதோ கெட்டுப்போனது. விசாரணைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஊர் லுத்தரன் கோவிலில் மண்டியிட்டு ஒரே ஒரு படம் கேட்டேன். இந்தமுறை ஆப்ஷன் எதுவும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, குடவாசலில் அந்தப் படங்களை எடுத்துக்கொடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். பெரிய நம்பிக்கையெல்லாம் இல்லை. வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிக்குள்ளே, கல்யாண ஜோடிகளுக்கு நடுவில், அந்தப் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. மாரியப்பன் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து அரிவாளைத் திருப்பிவிடுகிறார். பின்னால் நெற்கட்டு சுமந்த செல்வி சிரிக்கிறாள்.

"வருஷம் முடிஞ்சா எல்லாத்தையும் அழிச்சிருவேன் மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர். "இது ஒண்ணுதான் மனசு வரல. அந்தப் பெரியவரு நின்ன விதம் மட்டும் என்னமோ நல்லாருந்துச்சு."

கடை வாசல் என்றும் பாராமல் நின்று அழுதேன். நான் வேண்டாமென்று வெட்டிய மனிதரை ஆண்டவர் அங்கே ஆள் உயரத்துக்கு மாட்டி வைத்திருந்தார்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் தாலுகா ஆபீசில் விசாரணை. அண்ணன் முதல் பெஞ்சில் இருந்தார். அதிகாரி பையைத் தூக்கிக் காட்டி, "இதை எழுதினது யாரு?" என்றார்.

"நான்தான் சார். அது உண்மையில்லை. எங்க வீட்டில யாரும் அந்த வயல்ல பாடுபட்டதில்லை. அன்னைக்கும் இன்னைக்கும் உழறது இவங்கதான்" என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். அண்ணன் எழுந்து, என்னைப் பார்க்காமலேயே வெளியே போனார்.

ஆபீசுக்கு வெளியே வந்ததும் மாரியப்பன் நன்றி சொல்வார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உளுந்து பறிக்க ஆளுங்க நிக்குது பாப்பா. நான் வர்றேன்" என்று பஸ்ஸுக்கு ஓடினார். எனக்கு எதற்கு நன்றி? அவர் வயலில் அவருக்கு வேலை இருந்தது.

பதிவு அவர் பெயருக்கு மாறிவிட்டது. கடைக் கம்பெனிக்கு நானே எழுதி உண்மையைச் சொன்னேன். மரியாதையாக விலகிக்கொண்டார்கள். வியாபாரம் இப்போது சின்னது. மாரியப்பனையும் செல்வியையும் கேட்டுக்கொண்டுதான் புதுப் பையில் அவர்கள் பெயரையும் படத்தையும் போட்டிருக்கிறேன். வீட்டில் சிக்கனம் கூடியிருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது.

பிரியமானவர்களே, உங்களிலும் யாராவது ஆண்டவருக்கு ஆப்ஷன் கொடுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கலாம். நிறுத்துங்கள். என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் வேலை சுலபமாக இராது. ஆனால் நீங்கள் போகும் முன்னாலேயே அவர் அங்கே போயிருப்பார்.

என் அண்ணனுக்காக ஜெபியுங்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவருக்குப் போன் போடுகிறேன். அவர் எடுப்பதில்லை. ஆனால் மணி முழுசாக அடித்து ஓய்கிறது, ஒருநாளும் அவர் கட் செய்ததில்லை. அதற்கும் ஸ்தோத்திரம்.